புள்ளியில் நின்ற நிரல்

சொல் ஊகிக்கும் விளையாட்டு, நிரலெழுதக் கற்பவர் பலரும் தொடக்கத்திலேயே செய்து பார்க்கும் சிறு பயிற்சிகளுள் ஒன்றாகும். கணினி தன் பட்டியலிலுள்ள சொற்களுள் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, அதன் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடிட்டுக் காட்டும். ஆடுபவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, சரியான எழுத்து தனக்குரிய கோட்டின்மேல் வந்து அமரும். தவறான எழுத்துக்கு ஒரு வாய்ப்புக் குறையும். ஆறு வாய்ப்புகள் தீர்வதற்குள் சொல் முழுவதும் வெளிப்பட்டால் ஆடுபவருக்கு வெற்றி. நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ரோசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியில் இவ்விளையாட்டை எழுத முப்பது வரிகள் போதும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிப்பதால், பெருநகரத்து மென்பொருள் நிறுவனத்தில் மட்டுமன்றி, பாலாற்றங்கரையிலுள்ள வாலாஜாபாத் போன்ற பேரூரின் பள்ளி ஆய்வகத்திலும் எழுதத்தக்க நிரல் இது.

இவ்விளையாட்டின் ஆங்கில வடிவம் பாடநூல்களில் எளிதாகக் கிடைக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாக வாலாஜாபாத், உத்திரமேரூர், தென்னேரி, மாகறல், திருமுக்கூடல் என்று சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களை இட்டால், நிரல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடும்; ஆனால் எத்தகைய அறிவாளி ஆடினாலும் அதை வெல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைத் தேடிச் செல்வதே பிழைத்திருத்தம். அத்தேடல், எழுத்து என்பது எது என்று தமிழ் இலக்கணிகள் கேட்ட மிகப் பழைய கேள்விக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பிழைகள் மூவகை

நிரலில் நேரும் பிழைகளை மூன்றாகப் பகுப்பது வழக்கம். அடைப்புக்குறியை மூடாமல் விடுதல், முக்காற்புள்ளியை மறத்தல் முதலியவை தொடரியல் பிழைகள்; மொழியின் இலக்கணமே மீறப்படுவதால் இவை உள்ள நிரல் ஓடத் தொடங்குவதே இல்லை. ஓடத் தொடங்கிய நிரல், இல்லாத கோப்பைத் திறக்க முயல்வது போன்ற செய்ய இயலாத செயலை எதிர்கொண்டு பாதியில் நின்றுவிட்டால் அது இயக்கநேரப் பிழை. மூன்றாவதான தருக்கப் பிழையில் நிரல் நிற்பதுமில்லை, குறை சொல்வதுமில்லை. இட்ட கட்டளைகள் அனைத்தையும் பிசகாமல் நிறைவேற்றிவிட்டு, எழுதியவர் எண்ணிய விடைக்கு மாறான விடையைத் தரும். முதலிரு வகைகளில் கணினியே பிழையைச் சுட்டிக்காட்டுவதால் அவை எளியவை. மூன்றாம் வகையில் கணினியின் பார்வையில் பிழையே இல்லை; எழுதியவர் மனத்தில் இருந்ததற்கும் எழுதப்பட்டதற்கும் இடையில்தான் அது ஒளிந்திருக்கிறது.

பிழையைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் கணினிக்கு முந்தியது. தாமஸ் எடிசனே தம் கருவிகளின் கோளாறுகளை 1870களில் அச்சொல்லால் குறித்திருக்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறியின் மின்தொடர்பி ஒன்றில் சிக்கியிருந்த விட்டில்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்வு என்று பணியாளர்கள் வேடிக்கையாகக் குறித்து வைத்ததும், அக்கதையைக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் பல மேடைகளில் சொன்னதும் அச்சொல்லைப் பரப்பின. விட்டிலோ வெளியிலிருந்து பறந்து வந்தது. நிரலின் பிழைகள் அப்படி வருபவையல்ல. அவற்றை உள்ளே வைப்பவர் எழுதியவரே.

ஐந்து எழுத்தா, பத்து எழுத்தா?

தமிழாக்கிய விளையாட்டை ஓடவிட்டதும் முதலில் கண்ணில் படும் கோளாறு, கோடுகளின் எண்ணிக்கை. வா, லா, ஜா, பா, த் என்று விரல்விட்டு எண்ணினால் வாலாஜாபாத் ஐந்தெழுத்துச் சொல். நிரலோ பத்துக் கோடுகளை இடுகிறது. உத்திரமேரூருக்கு ஏழு கோடுகளுக்குப் பதில் பன்னிரண்டும், மாகறலுக்கு நான்குக்குப் பதில் ஆறும் வருகின்றன. ஆடுபவர் ‘வா’ என்று தட்டினால், ஓர் எழுத்தை மட்டும் தருக என்று நிரல் திருப்பி அனுப்புகிறது. ஏனெனில் அதன் கணக்கில் ‘வா’ இரண்டு எழுத்து. ‘வ’ என்று மட்டும் தட்டினால் முதற்கோட்டில் வகரம் அமர்கிறது. அடுத்த கோடு காலியாகவே நிற்கிறது. அங்கே ஒளிந்திருப்பது ஆகாரம் என்று உணர்ந்து ‘ஆ’ என்று தட்டினாலோ, அப்படி ஓர் எழுத்து இச்சொல்லில் இல்லை என்று கூறி ஒரு வாய்ப்பைக் கழித்துக்கொள்கிறது.

இதற்கான காரணம், உரையைக் கணினி சேமிக்கும் முறையில் உள்ளது. உலக மொழிகளின் எழுத்துக்குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை ஒதுக்கும் பொதுத் தரமாகிய யூனிகோடில், தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழின் 247 எழுத்துகளும் அந்த இடங்களுக்குள் அடங்கா. ஆகவே, இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் முந்தைய குறியீட்டைப் பின்பற்றி, உயிரெழுத்துகளுக்கும் அகரமேறிய மெய்களுக்கும் துணைக்குறிகளுக்கும் மட்டும் தனித்தனி எண்கள் தரப்பட்டன. இவ்வெண்களைக் குறியெண்கள் எனலாம். வகரத்தின் குறியெண் 2997. துணைக்காலின் குறியெண் 3006. ஆகவே ‘வா’ என்பது கணினிக்கு 2997, 3006 என்னும் இரண்டு எண்களின் வரிசை. உயிரெழுத்தாகிய ‘ஆ’வின் குறியெண் 2950; அதற்கும் துணைக்காலுக்கும் உள்ள உறவைத் தமிழறிந்த குழந்தை அறியும், நிரல் அறியாது. பைத்தானில் எழுத்துகளின் வரிசையைச் சரம் என்பர். சரத்தின் நீளத்தைச் சொல்லும் ‘லென்’ என்னும் செயற்கூறு எண்ணுவது குறியெண்களையே ஆதலால், அது தரும் பத்து என்னும் விடை அதன் வரையறைப்படி சரியானதே.

இங்கே தமிழ் இலக்கணத்துக்கும் குறியீட்டுக்கும் இடையில் ஒரு தலைகீழ் உறவு இருப்பது கவனிக்கத்தக்கது. தொல்காப்பியம் தொட்டு வரும் மரபில் மெய்யே தனி ஒலி. புள்ளி பெற்ற ‘த்’ ஓர் ஒலியையும், புள்ளி நீங்கிய ‘த’ மெய்யும் உயிரும் கூடிய இரண்டு ஒலிகளையும் குறிக்கின்றன. யூனிகோடிலோ ‘த’ ஒரே குறியெண் பெற, ‘த்’ என்பது 2980, 3021 என்று இரண்டு குறியெண்கள் பெறுகிறது; 3021 என்பது புள்ளியின் எண். ஓரொலி இரண்டாகவும் ஈரொலி ஒன்றாகவும் எண்ணப்படும் இக்கணக்கு, ஆங்கில விளையாட்டை எழுதியவர் மனத்தில் தோன்றியிருக்கவே வாய்ப்பில்லாத ஒன்று. ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்னும் அனுமானத்தை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலேயே அது நிரலின் ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

திருத்தம் கடினமானதன்று. சொல்லின் குறியெண்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுத்தது துணைக்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் அதை முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையேல் புதிய எழுத்தைத் தொடங்க வேண்டும். வாலாஜாபாத் என்னும் சொல்லில் வகரம் முதல் எழுத்தைத் தொடங்குகிறது. துணைக்கால் அதனோடு ஒட்டி ‘வா’ ஆகிறது. லகரம் இரண்டாவதைத் தொடங்குகிறது. இவ்வாறே சென்று இறுதியில் தகரத்தோடு புள்ளி ஒட்ட, ஐந்து உறுப்புகள் கொண்ட பட்டியல் கிடைக்கிறது. அதன்பின் கோடிடுதல், ஒப்பிடுதல், வெற்றியை அறிதல் ஆகிய அனைத்தையும் சரத்தின்மீது செய்யாமல் இப்பட்டியலின்மீது செய்ய வேண்டும். தமிழில் நிரலெழுத ‘எழில்’ என்னும் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னெடுத்த ஓப்பன் தமிழ் என்னும் திறமூல நிரலகத்தில் இவ்வாறு எழுத்துகளைப் பிரிக்கும் செயற்கூறு ஆயத்தமாகவே உள்ளது. எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் டேஸ்16 என்னும் குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுக்கு மாற்றுத் தரமாக ஏற்றதற்கும் இத்தகைய இடர்ப்பாடுகளே பின்னணி.

எனினும், எது எழுத்து என்பதை நிரலர் இன்னும் முழுமையாகச் சொல்லி முடிக்கவில்லை. ஆடுபவர் தட்டுவது தமிழெழுத்துத்தானா என்று சரிபார்க்க 247 எழுத்துகளின் பட்டியலை ஒருவர் சேர்த்தால், ‘ஜா’ அதில் இராது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊரின் பெயரே அவ்விளையாட்டில் வெல்ல முடியாத சொல்லாகிவிடும். கிரந்த எழுத்துகளையும் சேர்த்து எண்ணும் 313 என்னும் கணக்கை ஏற்றால் ‘ஜா’ உள்ளே வரும். ஆனால் ‘க்ஷ’ ஓரெழுத்தா ஈரெழுத்தா என்னும் அடுத்த கேள்வி எழும். இத்தகைய கேள்விகளுக்குக் கணினியிடம் விடையில்லை. முடிவெடுத்து எழுதி வைப்பது நிரலரின் பொறுப்பு.

புள்ளியும் பைட்டும்

சொற்களை நிரலுக்குள்ளேயே எழுதாமல், தனிக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்துப் படிப்பது அடுத்த வளர்ச்சி. அங்கே வேறொரு பிழை காத்திருக்கிறது. கோப்பில் குறியெண்கள் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கப்படுகின்றன. பைட்டு என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணைக் கொள்ளும் சேமிப்பு அலகு. இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டிலும் தமிழ்க் குறியெண் மூன்று பைட்டுகளிலும் அடங்கும். எனவே வாலாஜாபாத் என்னும் அதே சொல் படிப்பவருக்கு ஐந்தாகவும், பைத்தான் சரத்தில் பத்தாகவும், கோப்பில் முப்பதாகவும் உள்ளது.

கோப்பைத் திறக்கும்போது அது எந்த முறையில் எழுதப்பட்டது என்று நிரலில் குறிப்பிடாவிட்டால், விண்டோஸ் கணினிகளில் பைத்தான் நெடுங்காலமாக மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய பழைய 1252ஆம் எண் அட்டவணையைக் கொண்டு படிக்க முயன்று வந்துள்ளது. அவ்வட்டவணையில் 141 உள்ளிட்ட ஐந்து எண்களுக்கு எழுத்து எதுவும் ஒதுக்கப்படவில்லை. தமிழ்ப் புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. ஆகவே நிரல் வகரத்தையும் துணைக்காலையும் பொருளற்ற ஐரோப்பியக் குறிகளாகப் படித்துக்கொண்டே வந்து, தகரத்தின் தலைமேலுள்ள புள்ளியை எட்டியதும் 141ஆம் பைட்டுக்கு விளக்கமில்லை என்று அறிவித்து நின்றுவிடுகிறது. புள்ளியில்லாத சொற்கள் மட்டுமே கொண்ட கோப்பாயின் அது நிற்காமல் ஓடிக் குப்பையான எழுத்துகளைக் காட்டியிருக்கக்கூடும்; புள்ளி இருந்ததால் பிழை வெளிப்பட்டது. யூடிஎஃப்-8 என்று திறக்கும் வரியில் ஒரு சொல் சேர்த்தால் இது தீரும்.

புள்ளிக்கும் இவ்வட்டாரத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட, குடவோலைத் தேர்தல் முறையைக் கூறும் கல்வெட்டுகள் புகழ்பெற்றவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்களுக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படுவதில்லை. துணைக்காலும் ரகரமும் மயங்கும். கல்வெட்டைப் படிப்பவர் முன்பின் சொற்களையும் மொழியறிவையும் கொண்டு, ‘கல’ என்று வெட்டப்பட்டிருப்பது ‘கல்’லா ‘கல’வா என்று தீர்மானித்துப் புள்ளிகளைத் தாமே இட்டுக்கொள்கிறார். வெட்டியவர் விட்டதை நிரப்பும் வாசகர் இருந்ததால் அவ்வெழுத்துமுறை நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. கணினி அத்தகைய வாசகரன்று. எழுதாமல் விட்டதை அது நிரப்பாது.

ஒன்றுபோல் தோன்றுவன

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றி, கணினிக்கு வேறாக இருப்பவை அடுத்த வகைப் பிழைக்குக் காரணமாகின்றன. ‘கோவில்’ என்னும் சொல்லின் முதலெழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறியாகிய 3019ஐச் சேர்த்தும் எழுதலாம்; ககரத்தோடு இரட்டைக்கொம்பாகிய 3015ஐயும் துணைக்காலாகிய 3006ஐயும் அடுத்தடுத்துச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே ‘கோ’. குறியெண்களின் வரிசை வேறாக இருப்பதால், இரண்டும் சமமா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்கிறது. சொற்கோப்பு ஒரு மென்பொருளில் தட்டப்பட்டு, ஆடுபவர் வேறொரு விசைப்பலகையில் தட்டும்போது, சரியாக ஊகித்தவருக்கும் வாய்ப்புக் குறைவது இதனால்தான். இவ்விரு வடிவங்களும் ஒன்றே என்று யூனிகோடு தரம் வரையறுத்திருப்பதால், ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்னும் செயலைப் பைத்தானின் உள்ளமைந்த நிரலகமே செய்து தருகிறது.

ஔகாரத்தில் இயல்பாக்கமும் உதவாது. ‘கௌதமர்’ என்பதில் ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால், ஒற்றைக்கொம்பிட்ட ‘கெ’யையும் தனி ளகரத்தையும் தட்டி ‘கெளதமர்’ என்று எழுதுவோர் பலர். முன்னதில் எழுத்துகள் நான்கு, பின்னதில் ஐந்து. இது குறியீட்டின் இரு வடிவமன்று, உண்மையான எழுத்துப்பிழை. ஆனால் படிக்கும் கண் அதைத் தானாகவே திருத்திவிடுவதால், கோப்பை நூறுமுறை பார்த்தாலும் அகப்படுவதில்லை.

கண்ணுக்கே தெரியாதவையும் உண்டு. கோப்பின் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் புதுவரியைக் குறிக்கும் 10ஆம் எண் குறி ஒன்று இருக்கிறது. படிக்கும்போது அதை நீக்காவிட்டால், எழுத்துப் பிரிப்பான் அதையும் தனி எழுத்தாக எண்ணி, வாலாஜாபாத்துக்கு ஆறாவது கோடொன்றை இடும். ஐந்தெழுத்தும் வெளிப்பட்ட பின்னும் விளையாட்டு முடியாமல், ஆடுபவரால் தட்டவே முடியாத ஒரு குறிக்காகக் காத்திருக்கும். சில தொகுப்பி மென்பொருள்கள் கோப்பின் தொடக்கத்தில் இடும் 65279 என்னும் அடையாளக் குறி, முதல் சொல்லுக்கு மட்டும் இதே தொல்லையைத் தரும். எல்லாச் சொற்களும் சரியாக ஓட, பட்டியலின் முதற்சொல் மட்டும் தடுக்கினால் இக்குறியையே முதலில் ஐயுற வேண்டும்.

வெறுமையும் எல்லையும்

தமிழுக்கே உரிய இடர்கள் தீர்ந்த பின்னும், எம்மொழியில் எழுதினாலும் வரும் பிழைகள் எஞ்சுகின்றன. ஒன்று சரத்தில் உள்ளதா என்று வினவும் ‘இன்’ என்னும் சொல்லைப் பலர் ஆராயாமல் பயன்படுத்துகின்றனர். சரத்தின்மீது அது எழுத்தைத் தேடாமல் துண்டைத் தேடுகிறது. ‘ப’ என்பது வாலாஜாபாத்தில் உள்ளதா என்று கேட்டால், ‘பா’வின் முற்பகுதியைக் கண்டு ஆம் என்கிறது. அதனினும் வியப்பான செய்தி, ஆடுபவர் எதையும் தட்டாமல் என்டர் விசையை மட்டும் அழுத்தினாலும் அது ஆம் என்றே சொல்வது. வெற்றுச்சரம் எல்லாச் சரத்திலும் அடங்கும் என்பது கணிதப்படி சரியான விதி. இதனால் ஒன்றும் சொல்லாமல் இருப்பவருக்கு வாய்ப்பே குறையாத விளையாட்டு அமைந்துவிடுகிறது. தேடலைச் சரத்திலிருந்து எழுத்துப் பட்டியலுக்கு மாற்றினால் இவ்விரு பிழைகளும் ஒருசேர மறையும். ஏனெனில் பட்டியலில் ‘இன்’ முழு உறுப்புகளையே ஒப்பிடுகிறது.

ஊகித்த எழுத்தின் இடத்தை அறிய, முதலில் காணும் இடத்தை மட்டும் தரும் செயற்கூறைப் பயன்படுத்தினால், ‘தாத்தா’ என்னும் சொல்லில் முதல் ‘தா’ மட்டும் வெளிப்பட்டு, கடைசிக் கோடு என்றும் காலியாகவே இருக்கும். எழுத்து திரும்ப வராத வாலாஜாபாத்தையோ மாகறலையோ கொண்டு எத்தனைமுறை சோதித்தாலும் இப்பிழை தெரியாது. சோதிக்கும் சொற்களை ஓடக்கூடியவை என்பதற்காகத் தேர்ந்தெடுக்காமல், ஓடவிடாமல் தடுக்கக்கூடியவை என்பதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

எல்லைப் பிழை இன்னும் நுட்பமானது. வாய்ப்புகள் ஆறு என்று வைத்து, சுழியைவிட மிகுதியாக உள்ளவரை மடக்கைத் திரும்பச் செய்க என்று எழுதுவதற்குப் பதிலாகச் சுழியும் அதற்கு மேலும் உள்ளவரை என்று எழுதினால் ஏழாவது வாய்ப்புக் கிடைத்துவிடும். மடக்கு என்பது நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை மீண்டும் மீண்டும் இயங்கும் கட்டளைத் தொகுதி. ‘மேல்’ என்பதற்கும் ‘மேலும் அதுவும்’ என்பதற்கும் உள்ள இவ்வேறுபாடு கணினியோடு பிறந்ததன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுள் இரண்டாவது, வாரிய உறுப்பினருக்குரிய அகவையை 35க்கு மேல், 70க்குக் கீழ் என்று வரையறுக்கிறது. சரியாக 35 நிரம்பியவர் தகுதியுடையவரா என்னும் ஐயம் எழுந்தால் சபையோர் கூடிப் பேசித் தீர்த்திருப்பர். நிரலில் அந்த ஐயம் எழுவதேயில்லை. ஒரு சமக்குறி இருந்தால் அவர் உள்ளே, இல்லையேல் வெளியே.

குடவோலையும் தற்செயலும்

பட்டியலிலிருந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வரியைக் குடவோலையோடு ஒப்பிடுவது பொருத்தமாகும். குடும்பு எனப்படும் முப்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட உத்திரமேரூரில், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்தனர். எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்கி எல்லாரும் அறியப் படித்தார். எடுக்கும் கைக்கு விருப்பு வெறுப்பு இல்லாமலிருக்கவும், படிக்கும் கையில் வேறோலை ஒளியாமலிருக்கவும் செய்த ஏற்பாடு அது.

பைத்தானின் ‘ரேண்டம்’ நிரலகம் அச்சிறுவனின் வேலையைச் செய்கிறது. ஆனால் அதன் தற்செயல் உண்மையான தற்செயலன்று. மகோதோ மட்சுமோதோ, தகுஜி நிஷிமுரா என்னும் ஜப்பானியக் கணித அறிஞர் இருவர் 1997இல் வகுத்த மெர்சென் ட்விஸ்டர் என்னும் வழிமுறைப்படி, ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் எண்வரிசை அது. 2இன் 19937ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த அத்தனை எண்களுக்குப் பின்னரே அவ்வரிசை மீளும். விதை எனப்படும் அத்தொடக்க எண் ஒன்றாக இருந்தால், அதே பைத்தானில் அதே சொற்பட்டியலுக்கு வெளிப்படும் தேர்வும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

தேர்தலில் பெருங்குறையாகக் கருதத்தக்க இப்பண்பு பிழைத்திருத்தத்தில் பெருந்துணையாகிறது. பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை மட்டும் தடுக்கும் நிரலில் பிழை எங்கே என்று தேட முடியாது. தடுக்கும் ஆட்டத்தை விரும்பும்போதெல்லாம் திரும்ப நிகழ்த்த முடிந்தால்தான் தேடலே தொடங்கும். எனவே சோதனைக் காலத்தில் விதையை ஒரே எண்ணில் நிறுத்தி வைத்து, பிழை தீர்ந்தபின் அதை விடுவிப்பது வழக்கம்.

தேடும் முறை

பிழை திரும்ப நிகழும் நிலைக்கு வந்தபின், முதற்பணி கணினி சொல்வதைப் படிப்பது. இயக்கநேரப் பிழை நேர்ந்தால் பைத்தான் தரும் நீண்ட அறிக்கையின் கடைசி வரியில்தான் பிழையின் பெயரும் காரணமும் இருக்கும். அதற்கு மேலுள்ள வரிகள் நிரல் எவ்வழியாக அவ்விடத்தை அடைந்தது என்பதைக் காட்டும். தொடக்கநிலையினர் பலர் முதல் வரியைக் கண்டே மிரண்டு, கடைசி வரிக்கு வருவதில்லை. தருக்கப் பிழைக்கு இத்தகைய அறிக்கை இராது என்பதால், ஐயத்துக்குரிய இடங்களில் மாறிகளின் மதிப்பை ‘ப்ரிண்ட்’ கட்டளையால் வெளியிட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சரங்களில் அதுவும் போதாது. மேலே கண்டவாறு, ஒன்றுபோல் தோன்றும் இரு ‘கோ’க்களும் திரையில் ஒன்றாகவே அச்சாகும். எழுத்துகளுக்குப் பதில் குறியெண்களைக் காட்டும் ‘அஸ்கி’ செயற்கூறைக் கொண்டு வெளியிட்டால், மறைந்திருந்த புதுவரிக் குறியும் பிரிந்து கிடக்கும் ஓகாரமும் வெளிப்படும். விரிந்த உள்ளங்கையில் ஓலை வாங்கியதற்கு நிகரானது இச்செயல்.

நிரல் நீண்டதாக இருந்தால் பாதியில் நிறுத்தி, அதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடி உள்ளதா என்று பார்க்கலாம். உள்ளதெனில் பிழை பிற்பாதியில், இல்லையெனில் முற்பாதியில். ஆயிரம் வரியும் இவ்வாறு பத்துப் பகுப்பில் ஒரே வரியாகச் சுருங்கும். இடையில் நிறுத்தி மதிப்புகளைக் காணும் ‘பிரேக்பாயின்ட்’ வசதி 2018இல் வெளிவந்த 3.7ஆம் பதிப்பு முதல் பைத்தானில் ஒரே சொல்லில் கிடைக்கிறது. பிழையைக் கண்டு திருத்தியபின், அதைக் காட்டிக்கொடுத்த சொல்லை எறிந்துவிடாமல், ‘தாத்தா’, ‘கோவில்’, ‘கௌதமர்’, வெற்றுச்சரம் என்று ஒரு சோதனைப் பட்டியலாகச் சேர்த்து வைத்து, நிரலில் எதை மாற்றினாலும் அப்பட்டியலை மீண்டும் ஓட்டிப் பார்ப்பது தேர்ந்தோர் வழக்கம். ஒன்றைத் திருத்தும்போது முன்பு திருத்திய வேறொன்று கெடுவது அரிதன்று.

தவறே குறிப்பாக

எல்லாம் திருத்தி முடித்து ஆடத் தொடங்கும்போது இறுதியாக ஒரு குறை தெரியவரும். ஆங்கில ஆட்டத்தில் 26 எழுத்துகளுக்கு ஆறு வாய்ப்பு. தமிழில் 247 எழுத்துகளுக்கும் அதே ஆறு. ‘பா’ இருக்கும் சொல்லில் ‘ப’ என்றும் ‘பி’ என்றும் ‘பு’ என்றும் தட்டி வாய்ப்புகளை இழப்பவர், விடையின் வாசலில் நின்றுகொண்டே தோற்கிறார். நிரல் இப்போது ஒரு பிழையும் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் நல்ல விளையாட்டாக இல்லை.

இதற்கான தீர்வு, முன்பு பிழையென்று விலக்கிய ஒன்றிலேயே உள்ளது. ‘ப’ தட்டியவருக்கு ‘பா’வைக் காட்டித் தடுமாறிய அந்தப் பழைய ஒப்பீட்டை, இம்முறை தெரிந்தே, தனிச் செயற்கூறாக எழுதலாம்: ஊகித்த எழுத்தின் மெய்யும் மறைந்த எழுத்தின் மெய்யும் ஒன்றாக இருந்து உயிர் மட்டும் வேறுபட்டால், வாய்ப்பைக் கழிக்காமல் அக்கோட்டை மஞ்சளாக்கி, மெய் சரி, உயிரைத் தேடுக என்று காட்டலாம். பதினெட்டு மெய்யும் பன்னிரண்டு உயிரும் கூடி உயிர்மெய்யாகின்றன என்னும் தொடக்கப்பள்ளிப் பாடமே விளையாட்டின் விதியாகிவிடும். ‘ப’வுக்கும் ‘பா’வுக்கும் உள்ள உறவை நிரல் முதலில் அறியாமலே காட்டியபோது அது பிழையாக இருந்தது, அவ்வுறவு இன்னதென்று எழுதி வைத்தபின் அதுவே குறிப்பாகிறது. இரண்டுக்கும் இடையில் கணினி சிறிதும் மாறவில்லை. சொல்லாமல் விட்டிருந்த ஒன்றை எழுதியவர் சொல்லியிருக்கிறார், அவ்வளவே.